கை வைக்காதே!

இளம்பிள்ளைப் பக்கம் ஜக்கார்டு தறி பார்த்திருப்பீர்கள். எந்த இழை மேலே எழவேண்டும் என்று தறிக்குச் சொல்வது ஓட்டை போட்ட அட்டைகள். அட்டைக்கு மூலம், கட்டத்தாளில் வரைந்த டிசைன். அங்கே ஒரு கட்டம் தப்பினால் சேலை முழுக்க ஒவ்வொரு பூவிலும் அதே தப்பு. இது பிரான்சில் 1804-ல் ஜக்கார்டு கண்ட வழி.

கம்ப்யூட்டரிலும் இதே கதை உண்டு. பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில், 1983-ல் பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்தது. மெயிலை எந்த வழியில் அனுப்புவது என்று அதற்குச் சொல்லும் 'சிஎஃப்' கோப்பைப் படித்தால் தலை சுற்றும். அத்தனையும் குறியீடுகள்!

பிறகு ஒரு வழி பிறந்தது. 'எம்சி' என்ற சின்னக் கோப்பில் சில வரிகள் எழுதினால் போதும். எம்4 என்ற கட்டளை முழு சிஎஃப் கோப்பையும் தயாரித்துவிடும். இந்த எம்4, கெர்னிகனும் ரிட்சியும் 1977-ல் எழுதியது.

தயாரான கோப்பின் தலையிலேயே எச்சரிக்கை இருக்கும்: இதைத் திருத்தாதே, மூலத்தைத் திருத்து. மீறிக் கை வைத்தால், அடுத்த முறை எம்4 ஓடியதும் திருத்தம் காணாமல் போகும்.

பி.காம் முதல் வருடத்தில், இருப்புநிலைக் குறிப்பு சமமாகவில்லை என்று ஒரு தொகையை மட்டும் மாற்றி எழுதித் திட்டு வாங்கினேன். தப்பு இருந்தது குறிப்பேட்டில்.