தங்கவயலில் கல் தட்டியவர்கள்

வரலாறு என்றால் அரசர்களும் போர்க்களங்களுமே என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். உழைப்புக்கும் வரலாறு உண்டு. கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் தளர்ந்த கல்லை அகற்றிய தொழிலாளரின் பணி அத்தகையது.

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே தொழிலை மேற்கொண்டனர். வடாற்காட்டிலிருந்தும் அண்டைப் பகுதிகளிலிருந்தும் ஏழை மக்கள் வேலை தேடிச் சென்றனர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கமோ ஆழ்ந்துகொண்டே போயிற்று. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது.

பொன் கலந்த பாறையை வெடி வைத்துத் தகர்ப்பர். வெடியோ வேண்டிய பாறையை மட்டும் பிளப்பதில்லை. கூரையிலும் பக்கச் சுவரிலும் விரிசல்களை உண்டாக்கி விடுகிறது. ஆதலால் புகை அடங்கியபின் முதலில் செய்யவேண்டிய வேலை பொன்பாறையை அள்ளுவதன்று, கூரையைச் சோதிப்பதே.

சோதிப்பவர் நீண்ட இரும்புக் கம்பியால் பாறையைத் தட்டுவார். கணீரென்று ஒலித்தால் பாறை உறுதியானது. உளுத்த மரத்தைத் தட்டினாற்போல் மந்தமாக ஒலித்தால், உள்ளே பிளவு உண்டு. உடனே கம்பியை விரிசலில் செருகி, நெம்பி, அக்கல்லைத் தள்ளிவிடுவார். இதற்கும் முறை உண்டு. உறுதியான கூரையின் கீழ் நின்றே தொடங்கவேண்டும். சோதித்த இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் படிப்படியாக முன்னேறவேண்டும். கல் விழும் வழியில் நிற்றலாகாது. பின்வாங்கும் பாதையில் தடை எதுவும் இருத்தலாகாது. பட்டறிவு மிக்க செவியே அங்கே காவல்.

இவ்வேலையால் ஒரு கூடைப் பொன்பாறையும் கிடைப்பதில்லை. எனவே, விரைவை விரும்புவோர்க்கு இது வீண்பொழுதாகவே தோன்றும். அவ்வாறு சுருக்கிய சில நிமிடங்களுக்கு விலையாகக் கூலியாள் ஒருவரின் உயிர் போவதும் உண்டு.

இம்முறைக்கும் ஓர் எல்லை இருந்தது. மிகுந்த ஆழத்தில், மேலுள்ள மலையின் அழுத்தம் தாங்காமல் உறுதியான பாறையே திடீரென்று வெடித்துச் சிதறும். கம்பியின் ஒலி அதனை முன்னறிவிக்காது. ஆகவே மரத்தாங்கல்களோடு, செதுக்கிய கருங்கல்லை அடுக்கியும் கூரையைத் தாங்கச் செய்தனர். 1988-இல் பாறை இயக்கவியல் ஆய்வுக்கென ஒரு தேசிய நிறுவனம் தங்கவயலிலேயே தோன்றியது பொருத்தமானதே.

2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. எடுத்த பொன்னுக்குக் கணக்கு உண்டு. தட்டித் தள்ளிய கற்களுக்கோ, அவற்றால் பிழைத்த உயிர்களுக்கோ ஏட்டில் கணக்கில்லை. தங்கவயலின் வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் அவ்விடுபட்ட பக்கத்தையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.