மேடை நடிகை படமெடுத்த வரலாறு

புதுவையில் கருவடிக்குப்பம் இடுகாட்டினை அறியாதார் இலர். அங்கு நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி உள்ளது. 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் சுவாமிகள் இவ்வூரிலேயே மறைந்தார். ஆண்டுதோறும் நாடகக் கலைஞர்கள் அங்கு வந்து வணங்கிச் செல்வதை நாம் கண்டிருக்கிறோம். நம் இளைஞருள் எத்தனை பேர் அவ்விடத்தில் நின்று பார்த்தனர் என்று கேட்டால் விடை மகிழ்ச்சி தருவதாக இராது.

சுவாமிகள் நடத்திய பாலர் சபையில் பெண் வேடங்களையும் சிறுவர்களே தாங்கினர். பெண்கள் மேடையேறினால் ஊரார் இழித்துப் பேசிய காலம் அது. அந்நாளில் மேடையேறியவருள் ஒருவரே டி.பி. இராஜலக்ஷ்மி அம்மையார். 1911-இல் திருவையாற்றில் அந்தணர் குடும்பத்தில் பிறந்தவர். குழந்தை மணம் அவர் வாழ்வையும் தீண்டியது. தந்தையை இழந்தபின் குடும்பத்தைக் காக்கத் திருச்சிராப்பள்ளியில் சாமண்ணாவின் நாடகக் குழுவில் சேர்ந்தார். அவ்வகுப்பிற் பிறந்த பெண் நாடகத்திற்குச் செல்வதா என்று உறவினர் சினந்திருப்பர். வயிற்றுக்கு அச்சினம் சோறிடாதன்றோ!

1931 அக்டோபர் 31-இல் சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் 'காளிதாஸ்' வெளிவந்தது. பம்பாயில் இம்பீரியல் நிறுவனத்தார் எடுத்த முதல் தமிழ்ப் பேசும்படம். அதன் கதாநாயகி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பேசினான் என்பது இன்று கேட்போர்க்கு நகைப்பாயிருக்கும். அந்த நாயகி இராஜலக்ஷ்மியே. 1933-இல் 'வள்ளி திருமணம்' படத்தில் வள்ளியாகவும் தோன்றினார். சுவாமிகளின் நாடகத்தால் ஊர்தோறும் பரவியிருந்த கதையாதலின் மக்கள் திரண்டு வந்தனர்.

இவ்வளவில் நின்றிருந்தால் புகழ்பெற்ற நடிகை என்ற பெயரோடு அவர் வரலாறு முடிந்திருக்கும். ஆனால் அம்மையார் எழுதுகோல் ஏந்தினார். தாம் எழுதிய 'கமலவல்லி' என்னும் புதினத்தைத் தாமே திரைக்கதையாக்கி, 1936-இல் 'மிஸ் கமலா' என்ற பெயரில் எடுத்தார். கதை, உரையாடல், இயக்கம், தயாரிப்பு, நடிப்பு யாவும் அவரே. தென்னாட்டில் ஒரு பெண் படம் இயக்கியது அதுவே முதன்முறை. வடக்கே, உருது நாடக மேடையிலிருந்து வந்த பாத்திமா பேகம் 1926-இலேயே சொந்த நிறுவனம் நிறுவிப் படம் இயக்கியிருந்தார். இருவரும் நாடக மேடையிலேயே தொழில் கற்றவர்கள் என்பதை நாம் கருதுதல் வேண்டும். ஒருவர் எழுதிக் கொடுத்ததை இரவெல்லாம் பேசிப் பழகிய நாவுக்கு, எந்தச் சொல்லுக்கு மக்கள் கண்ணீர் விடுவர், எதற்குச் சிரிப்பர் என்பது தெரியும். பள்ளிக்கூடம் தராத அக்கல்வியை மேடை தந்தது. தம் மகளுக்கும் கமலா என்றே அம்மையார் பெயரிட்டார்.

அவர் அடுத்து இயக்கிய கதை நமக்கு நெருங்கியது: 'மதுரை வீரன்', 1939. வீரன் நம் தெருக்களின் தெய்வம். அருந்ததியர் குடிலில் வளர்ந்தவன் என்றே கதைப்பாடலும் கூறும். அரசகுலத்தில் பிறந்தான் என்பது பிற்காலத்தார் சேர்த்த ஒட்டு என்று கருதுவோர் நம்மிடையே பலருளர். யாமும் அக்கருத்தினரே. நம் வீரன் கதையை அன்று திரைக்குக் கொணர்ந்தவர் பிறர். நம்மவர் கையில் அன்று படப்பெட்டி இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு ரோஸி அம்மையாரின் வாழ்வே விடையாகும். திருவனந்தபுரத்துப் புலையர் குலத்தில் பிறந்தவர், புல்லறுத்து விற்றவர், காக்காரிசி நாடகத்தில் நடித்தவர். ஜே.சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்' என்ற மௌனப்படத்தில் நாயர் பெண்ணாக நடித்தார். 1930-ஐ ஒட்டி அப்படம் கேபிடல் அரங்கில் காட்டப்பட்டபோது, தாழ்த்தப்பட்ட பெண் உயர்குலப் பெண்ணாகத் தோன்றுவதா என்று சாதி வெறியர் கொதித்தெழுந்தனர்; அவரை ஊரைவிட்டே துரத்தினர். அவர் தமிழகத்திற்கு ஓடிவந்து, தாம் நடிகை என்பதையே மறைத்து வாழ்ந்தார். எழுதவோ இயக்கவோ அவரால் இயன்றிருக்குமா என்று கேட்பதற்கும் இடமின்றி, முதற் படத்தோடு கதவு அடைக்கப்பட்டது.

இராஜலக்ஷ்மி அம்மையாரும் உறவினரின் ஏச்சைப் பொறுத்தார். அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அவர் வீட்டிற்கு ஒருவரும் தீ மூட்ட வரவில்லை. 1961-இல் கலைமாமணி விருது பெற்று, 1964-இல் மறைந்தார். 'காளிதாஸ்', 'விகதகுமாரன்' இரண்டின் பிரதிகளும் இன்று கிடைக்கவில்லை.

இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் இந்நாளில் சென்னையில் ரோஸியின் பெயரால் திரைப்பட விழா நடத்தி வருகிறது. நம் பிள்ளைகள் எடுத்த படங்களும் அங்குத் திரையிடப்படுகின்றன.