யவனர் காசும் எங்கள் வீட்டுக் காசுமாலையும்



அண்மையில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், தன் பூட்டனாரின் தகரப் பெட்டியில் கிடைத்த சதுரச் செப்புக் காசு ஒன்றை வகுப்பிற்குக் கொண்டு வந்தான். ஒருபுறம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை; மறுபுறம் 1943 என்ற ஆண்டு. "இதை விற்றால் எவ்வளவு வெள்ளி கிடைக்கும், ஐயா?" என்று கேட்டான். நான் வேறொரு கேள்வியைத் திருப்பிக் கேட்டேன். 1943இல் மலாயாவை ஆண்டவர்கள் ஜப்பானியர். மக்கள் கையில் புழங்கியது வாழைமரம் அச்சிட்ட தாள்பணம். அப்படியானால் இக்காசு உன் பூட்டனாருக்கு எப்பொழுது கிடைத்திருக்கும்? வகுப்பே சிந்திக்கத் தொடங்கியது. "ஜப்பான்காரன் போன பிறகு!" என்றாள் ஒரு மாணவி. ஒரு காசு ஒரு பாடமாயிற்று.

பழங்காசு சேர்ப்போரின் இன்பம் இதுதான். தமிழர் வரலாற்றில் இதற்குப் பெரிய சான்று, தமிழ்நாட்டு மண்ணில் கிடைத்த உரோமானியக் காசுகள். மிளகுக்கும் முத்துக்கும் மணிகளுக்கும் விலையாக யவனர் பொன்னும் வெள்ளியும் கொண்டு வந்தனர். ஆண்டுதோறும் 5 கோடி செசுடர்சு இந்தியாவிற்குப் போய்விடுகிறது என்று முதலாம் நூற்றாண்டிலேயே பிளினி என்னும் உரோமானிய அறிஞர் வருந்தி எழுதினார். அவர் சொன்னது வெறும் புலம்பல் அன்று என்பதற்குக் கோவையை அடுத்த வெள்ளலூரே சாட்சி. அங்கு 1842இல் 522 வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன.

இக்காசுகளைப் படிக்கும் முறை எளியது. தலை எந்தப் பேரரசருடையது, சுற்றிலும் உள்ள எழுத்து என்ன, எடை எவ்வளவு, எவ்வளவு தேய்ந்துள்ளது என்று பார்க்க வேண்டும். தென்னிந்தியாவில் கிடைத்த வெள்ளிக் காசுகளுள் அகசுடசு, திபேரியசு ஆகிய இருவரின் காசுகளே மிகுதி. கி.பி. 64 அளவில் நீரோ மன்னன் காசின் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்தான். நம் வணிகர் பழைய நல்ல காசையே விரும்பினர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மாற்று அறிந்து வாங்கியவர்கள் நம் முன்னோர்!

இத்துறையில் மறக்கக் கூடாதவர், 2021இல் மறைந்த 'தினமலர்' ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி. நாளிதழ்ப் பணிக்கிடையே பழங்காசுகளைச் சேகரித்தார். கரூரிலும் மதுரையிலும் கிடைத்த, பிறர் பொருட்படுத்தாத சின்னஞ்சிறு உரோமானியச் செப்புக் காசுகளை ஆராய்ந்து 1994இல் நூலாக்கினார். 'பெருவழுதி' என்று தமிழி எழுத்தில் பொறித்த பாண்டியர் காசை உலகிற்கு அறிவித்தவரும் அவரே. அதுவும் சதுரக் காசுதான். சங்கப் பாடல்களில் மட்டும் அறிந்திருந்த ஒரு பெயர் செம்பில் எழுந்து நின்றது.

ஆயினும் எல்லாக் காசுக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 உரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் மன்னர் முகத்தின் மேல் உளி வெட்டு இருந்தது. தேய்ந்த காசைப் புழக்கத்திலிருந்து விலக்கவே வெட்டினர் என்பர் சிலர். வேறு பல காசுகளில் துளையிட்டு அணிகலனாக அணிந்துள்ளனர். புதையல் ஒன்றாகக் கிடைத்து, ஒன்றாகப் பதிவு செய்யப்பட்டதால்தான் இவ்வளவும் பேச முடிகிறது. தனியே விற்கப்பட்ட காசு ஊர்ப்பெயரை இழக்கிறது; உருக்கப்பட்ட காசு எல்லாவற்றையும் இழக்கிறது.

இதை எழுதும்போது என் நெஞ்சு உறுத்துகிறது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டியிடம் பழைய வெள்ளிக் காசுகளைக் கோத்த மாலை ஒன்று இருந்தது. நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்தபோது, பணமுடையால் வீட்டார் அதை எடைக்குக் கொடுத்துவிட்டனர். எந்த மன்னர் தலை, எந்த ஆண்டு என்று ஒருவரும் குறித்து வைக்கவில்லை. ஒரு படம்கூட இல்லை. அம்மாலை கப்பலேறி வந்ததா, இங்கே சம்பளக் காசில் கோத்ததா என்பதை இனி அறிய வழியில்லை. விற்றதில் பிழையில்லை, என் படிப்புக்குத்தான் விற்றார்கள். எழுதி வைக்காததுதான் பிழை.

நம் பீடோர் மண்ணும் எளியதன்று. 1936இல் இங்குள்ள ஈயச் சுரங்கத்தில் எட்டுக் கைகளையுடைய அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை கிடைத்தது. அதைக் கண்டவர்கள் பழைய உலோகம் என்று உருக்கியிருந்தால் அந்த வரலாறும் போயிருக்கும்.

எனவே பெற்றோர்களே, வீட்டிலுள்ள பழங்காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். இருபுறமும் படம் எடுங்கள். யாருடையது, எங்கிருந்து வந்தது என்று பாட்டி தாத்தாவிடம் கேட்டு எழுதுங்கள். மண்ணில் பழம்பொருள் கிடைத்தால் மாவட்ட அலுவலகத்தில் தெரிவியுங்கள். 2005ஆம் ஆண்டு மரபுடைமைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. ஆசிரியர்களே, ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள்.

அம்மாணவன் தன் காசை விற்கவில்லை. ஒரு சிறு உறையில் இட்டு, மேலே பூட்டனார் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறான்.