மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்த பயிற்சியாளர்

இந்திய ஹாக்கி அணி தோற்ற மறுநாளே ரசிகர்கள் கேட்பது, கோச்சை எப்போது மாற்றுவார்கள் என்றுதான். அந்த ஆசையை நிர்வாகம் பெரும்பாலும் தாமதமின்றி நிறைவேற்றி வந்திருக்கிறது. ஆனால் வென்ற கையோடும் பயிற்சியாளர்கள் வெளியேறியிருக்கிறார்கள் என்பதால், இவரால் கெட்டது, அவரால் நிமிர்ந்தது என்று ஆள்வாரியாகக் கணக்குப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பயிற்சியாளர் என்ற வேலையையே நம் நிர்வாகிகள் நெடுங்காலம் பழைய மேனேஜர் வேலையாக எண்ணியிருந்தார்கள் என்பதே என் கட்சி.

அப்படி எண்ணியதற்கு வரலாற்றில் காரணம் உண்டு. 1928 முதல் 1956 வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக் தங்கங்களை வென்ற காலத்தில் அணியுடன் போன முக்கியமான ஆள் மேனேஜர். பயணம், தங்குமிடம், கட்டுப்பாடு ஆகியவை அவர் பொறுப்பு, ஆட்டம் வீரர்களுடையது. 1936இல் பெர்லின் போனதும் ஜெர்மனியிடம் பயிற்சி ஆட்டத்தில் 1-4 எனத் தோற்று, இந்தியாவிலிருந்து தாரா என்ற வீரரை அவசரமாக வரவழைத்தபோது கூடிப் பேசி முடிவெடுத்தவர்கள் கேப்டன் தியான்சந்தும் மேனேஜர்களும்தான். புல்தரையில் அது போதுமாக இருந்தது. 1976 மான்ட்ரியலில் செயற்கைத் தரை வந்தது; இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியது. பிறகு 1990களில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம் என்றானது, ஆஃப்சைடு விதியும் போனது. எவரை எந்த நிமிடம் வெளியே இழுப்பது, பெனால்டி கார்னருக்கு எப்படி ஓடுவது என்பதெல்லாம் பெஞ்சில் இருப்பவரின் கணக்காயின. ஆட்டம் பயிற்சியாளர் கைக்கு வந்த அதே பத்தாண்டில் இங்கே அவர் நாற்காலி ஆடத் தொடங்கியதுதான் வேடிக்கை.

1998 பாங்காக் ஆசியப் போட்டியில் 32 ஆண்டுகளுக்குப் பின் தங்கம் வாங்கித் தந்த எம்.கே. கௌசிக் அடுத்த தொடருக்கு இல்லை. கேப்டன் தன்ராஜ் பிள்ளையும் இல்லை. 2002இல் கோலாலம்பூர் உலகக் கோப்பை நடந்துகொண்டிருக்கும்போதே செட்ரிக் டிசௌசா நீக்கப்பட்டார். 2001இல் ஜூனியர் உலகக் கோப்பையும் 2003இல் ஆசியக் கோப்பையும் வென்று கொடுத்த ராஜிந்தர் சிங்கை ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருக்கையில் எடுத்துவிட்டு, ஜெர்மானியர் கெர்ஹார்ட் ராக்கைக் கொண்டுவந்தார்கள். வீரர்களின் பெயர்களைப் பழகவே அந்த அவகாசம் போதாது. வந்தது ஏழாம் இடம். நம் ஊர் வாசுதேவன் பாஸ்கரன், 1980 மாஸ்கோ தங்கத்தின் கேப்டன், சிட்னி 2000இல் பயிற்சியாளர். போலந்து கடைசி நிமிடங்களில் அடித்த ஒரு கோலில் அரையிறுதி கைநழுவியது. 2006 உலகக் கோப்பைக்கு அவரையே மீண்டும் அழைத்தார்கள், பதினொன்றாம் இடம். தேவைப்படும்போது கூப்பிட்டு, ஆனபின் அனுப்பிவிடும் சமையற்காரர் கதை. 2014இல் இன்ச்சியான் ஆசியப் போட்டித் தங்கத்தோடு ரியோ ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதியும் பெற்றுத் தந்த டெர்ரி வால்ஷ், நிர்வாகத்தோடு ஒத்துவராமல் சில வாரங்களில் விலகினார். அடுத்து வந்த பால் வான் ஆஸ் ஓராண்டு கூடத் தாங்கவில்லை.

விட்டுவைத்தவர்கள் மட்டும் சாதித்தார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மைக்கேல் நோப்ஸுக்கு லண்டன் ஒலிம்பிக் வரை எவரும் குறுக்கே வரவில்லை. அணி பன்னிரண்டாவதாக, அதாவது கடைசியாக முடித்தது. ரோலண்ட் ஓல்ட்மன்ஸ் 2013 முதல் 2017 வரை ஏதோ ஒரு பொறுப்பில் இருந்தும் ரியோவில் எட்டாம் இடம்தான். ஆகவே காலம் கொடுத்தால் பதக்கம் வரும் என்று நான் சொல்லவில்லை. காலம் கொடுக்காமல் ஒருவரது தரத்தை அளக்கவே முடியாது என்கிறேன். 2018 காமன்வெல்த்தில் நான்காம் இடம் பிடித்ததற்காக ஆண்கள் அணியிலிருந்து அகற்றப்பட்ட ஷோர்ட் மரைன், மகளிர் அணியை டோக்கியோவில் ஆஸ்திரேலியாவை வீழ்த்த வைத்து அரையிறுதிக்குக் கொண்டுபோனார். ஆள் அதே ஆள்தான்.

அதே டோக்கியோவில் ஆண்கள் அணி ஆஸ்திரேலியாவிடம் 1-7 எனச் சிதறியது. பழைய வழக்கப்படி கிரகாம் ரீட் அன்றிரவே மூட்டை கட்டியிருக்க வேண்டும். அவர் இருந்தார், ஜெர்மனியிடம் 1-3 எனப் பின்தங்கி 5-4 என வென்றதில் 41 ஆண்டுகளுக்குப் பின் ஒலிம்பிக் வெண்கலம் வந்தது. அந்தப் பொறுமைக்கு நிர்வாகத்தை முழுதாகப் பாராட்டவும் முடியாது. கொரோனாவால் வீரர்கள் பெங்களூரு முகாமிலேயே மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தது அவருக்குக் கிடைத்த எதிர்பாராத அவகாசம். 2023 உலகக் கோப்பையில் ஒன்பதாம் இடத்துக்குப் பின் ரீட் விலக, கிரெய்க் ஃபுல்டன் வந்தார். பாரிஸில் மறுபடியும் வெண்கலம். மாற்றம் பலன் தந்ததே என்பார்கள். தந்தது, ஆனால் ஃபுல்டன் பாரிஸுக்கு ஓராண்டுக்கும் மேல் முன்பே வந்தவர். ராக்குக்குக் கிடைத்தவை சில வாரங்கள்.