போட்டுப் பார்க்கும் உரிமை

அமெரிக்கப் பள்ளி மாணவிகள் ‘பிராம்’ நடன விருந்துக்குத் தோழிகளோடு கவுன் எடுக்கப் போவதை வெறும் அலங்கார மோகமாக என்னால் பார்க்க முடியவில்லை. நிறவெறிச் சட்டங்கள் நிலவிய காலத்தில், தென்மாநிலக் கடைகள் பலவற்றில் கறுப்பினப் பெண் பணம் கொடுத்து வாங்கலாம். போட்டுப் பார்க்கக் கூடாது. தீட்டு என்ற சொல்தான் அங்கே இல்லை.

தைக்கும் கைக்கு மட்டும் தடையில்லை. 1953இல் ஜாக்குலின் கென்னடியின் திருமணக் கவுனை உருவாக்கிய ஆன் லோ கறுப்பினப் பெண். 1955இல் கைதான ரோசா பார்க்ஸ், பல்பொருள் அங்காடியொன்றில் தையல் வேலை பார்த்தவர்.

ஜார்ஜியாவின் வில்காக்ஸ் மாவட்டத்தில் பள்ளி ஒன்றான பின்னும் நிறம் பிரித்தே பிராம் நடந்தது. 2013இல் கறுப்பர் இருவர், வெள்ளையர் இருவர் என நான்கு தோழிகள் நிதி திரட்டிப் பொது பிராம் நடத்தினார்கள். சேர்ந்து படித்தவர்கள் ஒரே கூடத்தில் ஆட அதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.