வேகமும் வரிசையும்: விமான இறங்குகை வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

கொடிகாமம் வீதி வந்து சேரும் நெல்லியடிச் சந்தியில் பேருந்தும் உழவு இயந்திரமும் துவிச்சக்கர வண்டியும் ஒரே வீதியைப் பகிர்ந்துகொள்கின்றன. விரைவானது ஒதுங்கி முந்திச் செல்லும். ஓடுபாதையை நோக்கிய இறுதி அணுகுவழியிலோ முந்துதல் இல்லை; அங்கு வேகவேறுபாடு கால விரயமாக மாறுகின்றது. அவ்விரயத்தை யார் சுமப்பது என்பது வெறும் தொழில்நுட்ப வினாவன்று என்பதே எமது கருத்து.

1947 டிசெம்பர் 10 இல் எயார் சிலோனின் ‘சீதாதேவி’ இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குப் பறந்தபோது இவ்வினா பெரிதாக எழவில்லை. அது டி.சி.-3 வகையைச் சேர்ந்தது. அக்காலப் பயணிகள் விமானங்களுக்கிடையே வேகவேறுபாடு பெரிதன்று. 1952 இல் ஜெற் விமானம் பயணிகள் சேவைக்கு வந்தபின் நிலைமை மாறத் தொடங்கிற்று.

இறுதிப் பத்துக் கடல்மைலை 140 நொட் வேகத்தில் வரும் ஜெற் நான்கேகால் நிமிடத்தில் கடக்கும். 90 நொட் வேகத்தில் வரும் சிறுவிமானத்துக்கு ஏழு நிமிடமளவு செல்லும். ஜெற்றின் பின் மூன்று மைல் இடைவெளியில் சிறுவிமானம் நுழையுமாயின், முன்னது இறங்கி நான்கு நிமிடத்துக்கு மேலான பின்னரே பின்னது தரைதொடும். இரண்டும் ஜெற்களாயின் ஒன்றேகால் நிமிடம் போதும். பெருவிமானம் விட்டுச்செல்லும் காற்றுச்சுழி இவ்விடைவெளியை மேலும் நீட்டும். ஆகவே கட்டுப்பாட்டாளர் ஜெற்றை முன்கூட்டியே வேகந்தணியச் செய்கின்றார். சிறுவிமானத்தை இயன்றவரை விரைந்துவரச் சொல்கின்றார். இருதரப்பும் விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு இது.

1968 இல் நியூயோர்க் துறைமுக அதிகாரசபை வேறு வழி கண்டது. நெரிசல் வேளைகளில் சிறுவிமானங்களுக்கான குறைந்தபட்சக் கட்டணத்தை 5 டொலரிலிருந்து 25 டொலராக உயர்த்தியது. அவ்வேளைகளில் அவற்றின் வரவு கணிசமாகக் குறைந்தது. பொருளியலாளர் இதனை வினைத்திறன் என்பர். சிறுவிமான உரிமையாளர் உழவரல்லர். அவர்களுக்காக நாம் கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை. முறைமையே நோக்கத்தக்கது: முதலில் வந்தவருக்கு முதலிடம் என்ற வழமையின் இடத்தில் விலை வந்தமர்ந்தது. ஓடுபாதையின் ஒவ்வொரு நிமிடமும் பண்டமாயிற்று.

இது தவிர்க்கவியலாத இயற்கைவிதி எனக் கொள்வதற்கில்லை. இந்திய அரசு, உள்நாட்டு அட்டவணைச் சேவை நிறுவனங்கள் இயக்கும் 80 இருக்கைகளுக்குக் குறைந்த விமானங்களுக்கு இறங்கு கட்டண விலக்களித்தமை இதன் மறுதலை. அங்கு சிற்றூர்ச் சேவையைக் காக்கும் அரசியல் முடிவு விலையை மேவியது.

2019 அக்டோபர் 17 இல் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாகப் பலாலி திறக்கப்பட்டபோது, சென்னையிலிருந்து வந்திறங்கியது சுழல்விசிறிகள் கொண்ட ஏ.ரி.ஆர். 72 விமானமே. பலாலியில் அதற்கு முன்னும் பின்னும் வரிசையில்லை. திரும்பிச் சென்னையை அணுகும்போது, ஜெற்களுக்கிடையே கட்டுப்பாட்டாளர் திறந்துவிடும் இடைவெளியில்தான் அது நுழையவேண்டும்.