கெந்திங் மலைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கணக்கு

நம்ம வேப்பம்பட்டு, திருநின்றவூர், செவ்வாப்பேட்டை பக்கம் ஹார்டுவேர் கடை, பெயிண்ட் கடை, சிமெண்ட் கடை வைத்திருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். டார்கெட் அடித்தால் கம்பெனி செலவில் வெளிநாட்டு டூர் என்பது இப்போது சர்வ சாதாரணம். அதில் பாதிப் பேருக்குக் கிடைப்பது மலேசியா. கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம், பத்துமலை முருகன், அப்புறம் ஒரு நாள் "ஜென்டிங்". (மலேசியத் தமிழர்கள் கெந்திங் என்றுதான் எழுதுகிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.) அங்கே போனதும் கைடு "மூணு மணி நேரம் ஃப்ரீ டைம்" என்று சொல்லிவிட்டு காபி குடிக்கப் போய்விடுவார். அந்த மூணு மணி நேரத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கெந்திங்கில் இருப்பது மலேசியாவின் ஒரே சட்டப்பூர்வமான கேசினோ. அது எப்படி அங்கே வந்தது என்று தெரிந்துகொண்டு போனால், உள்ளே எப்படி நடந்துகொள்வது என்பது பாதி விளங்கிவிடும். அதனால் முதலில் வரலாறு. அவசரக்காரர்கள் நேரே டிப்ஸ் பகுதிக்கு இறங்கிவிடலாம் :-)

சூதும் கள்ளும் சர்க்கார் வருமானம்

மலாயாவில் சூதாட்டம் நேற்று வந்ததில்லை. சிங்கப்பூரை ஆரம்பத்தில் நிர்வகித்த ஃபார்குவார் 1820ல் சூதாட்டக் குத்தகையை ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவைச் சமாளித்தார். ராஃபிள்ஸுக்கு அது பிடிக்கவில்லை. 1823ல் தடை போட்டார். அவர் கப்பலேறிப் போனதும் குத்தகை திரும்ப வந்தது. 1829ல் மறுபடி ஒழித்தார்கள். நம்ம ஊர் லாட்டரி, சாராயக் கதை மாதிரியே இருக்கிறதா?

கோலாலம்பூர் ஈயச் சுரங்க ஊராக வளர்ந்த காலத்திலும் சூதாட்டக் குத்தகை பெரிய வருமானம். சுரங்கத்தில் கூலி வாங்கிய சீனத் தொழிலாளியின் காசு அபினிலும் சூதிலும் போனது. ரப்பர் தோட்டத்துத் தமிழனுக்கு தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை. கூலி வாங்கின கையோடு அங்கே கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். இதைப் பொறுக்க முடியாமல்தான் 1947ல் கெடாவில் ஹார்வர்ட் தோட்டத்துப் பக்கம் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு எதிராகப் போராடினார்கள். அடக்குமுறையைச் சந்தித்தார்கள். எந்தக் கூட்டத்திடம் எதைக் கொடுத்தால் கூலிக்காசு திரும்ப வரும் என்று அப்போதே கணக்கு இருந்தது.

ஒரு காண்டிராக்டரின் பிடிவாதம்

இனி கெந்திங். லிம் கோ டோங் 1918ல் சீனாவின் ஃபுஜியான் மாகாணத்தில் பிறந்தவர். 1937ல் பிழைப்புக்காக மலாயா வந்தார். தச்சு வேலை செய்தார், போருக்குப் பின் பழைய இயந்திரங்களை வாங்கி விற்றார், காண்டிராக்டர் ஆனார். 1960களின் முற்பகுதியில் கேமரன் மலையில் நீர்மின் திட்ட வேலை. குளிர்ந்த காற்றில் நின்றபோது ஒரு யோசனை: கோலாலம்பூர் ஜனங்களுக்கு இந்தக் குளிர் பக்கத்திலேயே கிடைத்தால் எப்படி இருக்கும்? கேமரன் மலை ரொம்ப தூரம். வரைபடத்தைப் பார்த்துப் பிடித்ததுதான், தலைநகரிலிருந்து சுமார் 50 கி.மீ. தூரத்தில், 6,000 அடி உயரத்தில் இருந்த உலு காலி மலைப் பகுதி.

ஊட்டியும் கொடைக்கானலும் வெள்ளைக்காரன் தனக்காகக் கட்டிக்கொண்டது. கேமரன் மலையும் அப்படித்தான். கெந்திங் சுதந்திரத்துக்குப் பின் ஒரு தனி ஆள் கட்டிய மலை நகரம். 1965 ஏப்ரலில் கம்பெனி தொடங்கினார். கூட்டாளி முகமது நோவா ஓமார், மலேசிய நாடாளுமன்ற மக்களவையின் முதல் சபாநாயகராக இருந்தவர். பகாங் மாநிலத்தில் 12,000 ஏக்கர், சிலாங்கூரில் 2,800 ஏக்கர் நிலம் கிடைத்தது. 1965 ஆகஸ்டில் ரோடு போட ஆரம்பித்து, காட்டை வெட்டி, மண் சரிவைத் தாங்கி, சுமார் நாலு வருஷத்தில் உச்சியை எட்டினார்கள். சேர்த்த சொத்தையெல்லாம் அந்த ரோட்டில்தான் கொட்டினார் லிம்.

1969 மார்ச் 31. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அடிக்கல் நாட்ட மேலே வந்தார். அரசாங்கக் காசு இல்லாமல் ஒரு தனி ஆள் இவ்வளவு செய்திருப்பதைப் பார்த்து அசந்துபோனார். ஆளில்லாத மலை உச்சிக்குக் கூட்டம் வர ஏதாவது வேண்டுமே! கேசினோ லைசென்ஸ் கிடைத்தது. அடிக்கல் நாட்டி ஆறு வாரத்தில், மே 13ல், கோலாலம்பூரில் இனக்கலவரம். துங்கு அடுத்த வருஷம் பதவி விலகினார். ஆனால் லைசென்ஸ் நின்றது. 1971ல் முதல் ஹோட்டல் திறந்தது.

அந்த லைசென்ஸ்தான் மற்ற எல்லாவற்றுக்கும் விதை. இந்தக் குடும்பத்தின் பணம்தான் பிறகு அமெரிக்காவில் ஃபாக்ஸ்வுட்ஸ் என்ற பழங்குடியினர் கேசினோவுக்குக் கடனாகப் போனது (1992ல் திறந்தது). கெந்திங் குழுமம்தான் 2010ல் சிங்கப்பூர் செந்தோசாவிலும் கேசினோ திறந்தது. மலை மேல் உள்ள ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டலில் 7,351 அறைகள். 2015ல் உலகிலேயே பெரிய ஹோட்டல் என்று கின்னஸில் ஏறியது. லிம் 2007 அக்டோபரில் இறந்தார்.

யாருக்குக் கதவு மூடியிருக்கிறது?

வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். கெந்திங் கேசினோவுக்குள் முஸ்லிம்களுக்கு அனுமதி கிடையாது. அதாவது நாட்டின் பெரும்பான்மை மக்களுக்கே கதவு மூடியிருக்கிறது. சிங்கப்பூரில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே நுழையவே 2010ல் 100 வெள்ளி கட்டினார்கள், 2019ல் அதை 150 ஆக்கினார்கள். வெளிநாட்டுக்காரர் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும், காசில்லை. கோவாவில் மாண்டவி ஆற்றுக் கப்பல்களில் 2020 பிப்ரவரி 1 முதல் கோவாக்காரர்கள் நுழையக்கூடாது. நேபாளத்தில் நேபாளிக்கு அனுமதி இல்லை. மொனாக்கோவில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே சொந்தக் குடிமக்கள் ஆட முடியாது.

காரணம் ஒவ்வொரு இடத்திலும் வேறு. ஒரு இடத்தில் மதம், இன்னொரு இடத்தில் சமூக நலம். ஆனால் முடிவு ஒன்றுதான். எங்கள் ஆட்கள் தோற்க வேண்டாம், வருகிறவன் தோற்கட்டும் என்பதுதான். டூர் பஸ்ஸிலிருந்து இறங்கும் நாம்தான் அந்த "வருகிறவன்". இதை மனசில் வைத்துக்கொண்டு உள்ளே போங்க.

நாம் ஒன்றும் பெரிய யோக்கியர்கள் இல்லை. 1968ல் தமிழ்நாடு அரசே லாட்டரி தொடங்கியது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற வாசகத்தைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். வீட்டுக்கு விழுந்தவர்கள் எத்தனை பேர்? 2003ல் லாட்டரியைத் தடை செய்தார்கள். கந்துவட்டித் தடைச் சட்டம் வந்ததும் அதே 2003ல்தான். இரண்டு வியாதியும் ஒரே வீட்டில் குடியிருப்பவை என்பது நம்ம தெருவில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். லாட்டரி போன இடத்தில் செல்போன் ரம்மி வந்தது. அதில் கடன்பட்டு உயிரை விட்டவர்கள் செய்தியை எத்தனை நாள் படித்தோம். 2023ல் மாநில அரசின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2025ல் மத்திய அரசும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுத்துச் சட்டம் போட்டது.

கணக்கு

கேசினோக்காரன் ஏமாற்றுவான் என்று நம்ம ஆட்கள் சொல்வார்கள். அவன் ஏமாற்றத் தேவையே இல்லை. கணக்கே அவன் பக்கம்.

மூன்று தாயக்கட்டை உருட்டும் ஆட்டம் ஒன்று உண்டு. தாய் சாய், சிக் போ என்பார்கள். "பெரியது", "சிறியது" என்று பந்தயம். ஜெயித்தால் ஒன்றுக்கு ஒன்று. பார்த்தால் பாதிக்குப் பாதி போலத் தோன்றும். மூன்று கட்டை விழக்கூடிய விதம் மொத்தம் 216. மூன்றிலும் ஒரே எண் விழுந்தால் பெரியது கட்டியவனும் காலி, சிறியது கட்டியவனும் காலி. அது 6 விதம். மீதி 210ல் பெரியது 105, சிறியது 105. அதாவது நீங்கள் ஜெயிப்பது 105, தோற்பது 111. வித்தியாசம் 216ல் 6, கிட்டத்தட்ட நூற்றுக்கு 2.8.

ரூலட்டில் 37 குழி, சரியான எண்ணுக்குத் தருவது 35 மடங்கு. அவனுக்கு 2.7 சதவீதம். இரண்டு பூஜ்யம் உள்ள சக்கரம் என்றால் 5.26. பக்காராவில் "சமம்" என்ற கட்டத்தில் வைத்தால் 14 சதவீதத்துக்கு மேல்.

"வெறும் 2.8 தானே, ஜிஎஸ்டியை விடக் கம்மி" என்பீர்கள். ஜிஎஸ்டி ஒரு பொருளுக்கு ஒரு தடவை. இது ஒவ்வொரு உருட்டலுக்கும். 100 ரிங்கிட் வீதம் மணிக்கு 40 தடவை ஆடினால் 4,000 ரிங்கிட் சுற்றுகிறது. அதில் 2.8 சதவீதம் 112 ரிங்கிட். மூணு மணி நேரத்தில் சராசரியாக 336. நம்ம பணத்தில் ஆறாயிரத்துக்கும் மேல். இது சராசரி மட்டும்தான். ஒருவன் ஜெயித்து வருவான், ஒருவன் துண்டோடு வருவான். ஜெயித்தவன்தான் பஸ்ஸில் கதை சொல்லுவான், தோற்றவன் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வான். அதனால்தான் ஊரில் ஜெயித்த கதை மட்டும் உலவுகிறது.

சரி, டிப்ஸ்

1. இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா வேண்டாம் என்றது, பிறகு 2026 கடைசி வரை நீட்டித்தது. டிக்கெட் போடும்போது ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். வருகை அட்டையை இணையத்தில், போவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும்.

2. கேசினோவுக்குள் 21 வயது நிரம்பியவர்களுக்குத்தான் அனுமதி. அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். அரை டிரௌசர், ரப்பர் செருப்பு, கையில்லாத பனியன், தொப்பி வேண்டாம். உள்ளே போட்டோ எடுக்கக்கூடாது.

3. பாஸ்போர்ட்டை எக்காரணம் கொண்டும் யாரிடமும் அடமானமாகக் கொடுக்காதீர்கள். அங்கே கந்துவட்டிக்காரனுக்குப் பெயர் "ஆ லோங்". சிரித்துப் பேசி கடன் தருகிறேன் என்பவன் யாராக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள்.

4. தோற்றால் கவலையில்லை என்கிற ஒரு தொகையைத் தனியாக ஒரு பையில் வையுங்கள். சினிமாவுக்குப் போன செலவு மாதிரி. ஏடிஎம் கார்டு, மீதிப் பணம் எல்லாம் வீட்டுக்காரம்மாவிடமோ ஹோட்டல் அறையிலோ இருக்கட்டும். கடையின் கொள்முதல் பணமும் சீட்டுப் பணமும் மலை ஏறவே கூடாது.

5. காசை வில்லையாக மாற்றிவிட்டால் அது காசு என்ற நினைப்பே போய்விடும். ஒவ்வொரு வில்லையும் நம்ம ஊரில் எத்தனை மூட்டை சிமெண்ட் என்று கணக்குப் போடுங்கள். கை தானாக நிற்கும்.

6. கேசினோ ஹாலில் ஜன்னலைத் தேடாதீர்கள். ராத்திரியா பகலா என்று தெரியாது. செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு போங்கள்.

7. "அஞ்சு தடவை பெரியது விழுந்தாச்சு, இப்ப சிறியதுதான்" என்று பக்கத்தில் ஒருவர் சொல்வார். பழைய முடிவுகளை பலகையிலும் காட்டுவார்கள். கட்டைக்கு ஞாபக சக்தி கிடையாது.

8. விட்டதைப் பிடிக்கப் போகாதீர்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் பை காலியானதும், அலாரம் அடித்ததும், வெளியே.

9. வெளியே வந்தால் பார்க்க நிறைய இருக்கிறது. அவானா ஸ்கைவே கேபிள் கார் 2.8 கி.மீ., பத்து நிமிஷம், மேகத்துக்குள்ளேயே போகும். நடுவில் சின் சுவீ குகைக் கோயிலில் இறங்கலாம், லிம் கோ டோங் கட்டியது. குழந்தைகளோடு போனால் 2022ல் திறந்த தீம் பார்க் இருக்கிறது. ஸ்வெட்டர் மறக்காதீர்கள், சாயங்காலம் நல்ல குளிர்.

10. கூட வந்தவர் ரொம்ப நேரமாக மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை என்றால் தோளைத் தொட்டுக் கூப்பிடுங்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. ஊருக்கு வந்தபின் அவர் வீட்டில் நடக்கப்போகும் சண்டையை விட அந்தக் கோபம் சின்னது.

லிம் அந்த மலையைத் தேர்ந்தெடுத்தது முதலில் குளிர்காற்றுக்காகத்தான். கேசினோ பிறகு வந்தது. அந்தக் காற்று இன்னும் அங்கேதான் இருக்கிறது, அதற்கு டிக்கெட் இல்லை. நல்லபடியாகப் போய்விட்டு வாங்க. திரும்பும் வழியில் பத்துமலையில் 272 படி ஏறி முருகனையும் பார்த்துவிட்டு வாங்க.